ஹெர்குலிசுக்குப் பக்கத்தில் எடுத்த படம்

என் அன்பு அண்ணை,

நீங்கள் எங்களை விட்டுப் போய் நாளை மறுநாள் முப்பத்தோராம் நாள். அன்றைக்குக் கொடுக்கும் நினைவு மலருக்குப் படம் கேட்டு பாரிஸ் ரூ லூயி-பிளாங் தெரு அச்சகக்காரர் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். நீங்கள் சிரிக்கிற படம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் வேலை செய்த அருங்காட்சியகத்தில், நீல வேலைச் சட்டையோடு, தரை துடைக்கும் மொப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பின்சுவரில் ஒரு சுடுமண் சிற்பம்.

“பிரச்சினையில்லை அக்கா, தலையை மட்டும் வெட்டிக் கோட்டும் டையும் போட்டு விடுறன். எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்யிறது” என்றார். நானும் ஓம் என்றேன். உங்களுக்கு அங்கே கந்தோரில் மேசை வேலை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் நான்தானே. அது தெரிந்தும் நீங்கள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏன் அண்ணை?

நேற்று உங்கள் சாமான்களை எடுக்க முதல் தடவையாக அங்கே போனேன். “ஒருக்கா வந்து பாரன் தங்கச்சி” என்று எத்தனை ஞாயிறு கூப்பிட்டிருப்பீர்கள். புறநகர் செவ்ரானிலிருந்து வரப் பஞ்சிப்பட்டேன். உங்களோடு வேலை செய்த பெண் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தச் சிற்பத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

பழைய கிரேக்கச் சிலைகளில் மயங்கிய ஓர் இத்தாலிக்காரன் களிமண்ணில் செய்து சுட்டதாம். சிங்கத்தோலையும் கதாயுதத்தையும் மூலையில் போட்டுவிட்டு ஹெர்குலிஸ் மண்வாரியோடு நிற்கிறான். அவன் முதுகைப் பார்த்தால் மூச்சு வாங்குவது தெரிகிறது. செய்தவனின் பெருவிரல் அழுத்திய தடம்கூட அவன் காலடியில் அப்படியே இருக்கிறது. எப்படிப்பட்ட கை அண்ணை அது.

அவ்வளவு பெரிய வீரன் அரசனின் மாட்டுத் தொழுவத்தைக் கழுவுகிறானாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை எல்லாம் நீங்கள் அங்கே கூட்டிப்போய், “இவரும் எங்கள் ஆள்தான்” என்று அறிமுகம் செய்வீர்களாம். அவள் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. அவன் மண்வாரியைப் பிடித்த மாதிரியே நீங்கள் மொப்பைப் பிடித்திருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பு அதற்குத்தான் என்று நேற்றுத்தான் விளங்கியது.

அங்கிருந்து நேரே அச்சகத்துக்குப் போனேன். “கோட் வேண்டாம் தம்பி. முழுப் படத்தையும் போடுங்கோ.”

“மொப்பும் தெரியுமே அக்கா?”

“ஓம். அது தெரியவேணும்.”

தொழிலை என்னவென்று எழுதுவது என்று கேட்டார். துப்புரவுப் பணியாளர் என்று சொன்னேன்.

ஊருக்குப் போகும் பிரதிகளை நானே அனுப்புவேன். யாராவது போன் எடுத்துக் கேட்டால், முன்பு பொய் சொன்ன அதே வாயால் உங்கள் வேலையைச் சொல்லுவேன். மாதத்தில் ஒரு ஞாயிறு உங்கள் ஆளைப் பார்க்கவும் வருவேன். இது சத்தியம் அண்ணை.

பிந்தி வந்து பார்த்த
உங்கள் தங்கச்சி