வைப்பர் மாத்தின உங்கம்மா

அன்பு மகளுக்கு அப்பா எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் நல்லா இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமா இருக்கணும். போன்ல சொன்னா நடுவுல ஆயிரம் கேள்வி கேட்டு என்னைக் கவுத்துடுவ, அதான் உக்காந்து எழுதறேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு மழை நாள். உங்கம்மா தைச்ச யூனிஃபார்ம் மூட்டையை ஸ்கூல்ல இறக்கிட்டு வரும்போது நம்ம வீட்டு கேட் தூணுலயே வண்டியை உரசிட்டேன். நீ பெரியவர்னு பேர் வச்ச அதே எஸ்யூவிதான், பதினாறு வயசாச்சு. தூணுக்குப் பதிலா ஒரு ஆள் நின்னிருந்தான்னு உள்ளுக்குள்ள பயம். வெளிய காட்டிக்காம, வைப்பர் சரியில்ல, இந்த ஓட்டை வண்டியை வித்துத் தொலைக்கறேன்னு கத்தினேன். அவ அசரல. வித்துக்கலாம், அதுக்கு முன்னாடி வைப்பரை மாத்திப் பாத்துடுவோம்னு கழுத்துல தொங்கற டேப்பை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. டிரைவர் பக்கம் இருபத்திரண்டு இஞ்ச், அந்தப் பக்கம் பத்தொன்பது. பின் கண்ணாடியில ஒரு குட்டி வைப்பர் இருக்கறதே எனக்கு மறந்து போச்சு, அவ அதையும் அளந்தா. ரப்பரை விரல் நுனியில தடவி, விளிம்பெல்லாம் பிசிறடிச்சிருக்கு, வெயில்ல காஞ்சு போச்சுன்னா. பழைய பிளேடைக் கழட்டி எடுத்துக்கிட்டு நடந்தே கடைக்குப் போனோம். கடைக்காரர் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவை எடுத்துப் போட்டு, எல்லா வண்டிக்கும் பொருந்தும்மான்னார். இவ சிரிச்சுக்கிட்டே, ரெண்டும் நடுவுல முட்டிக்கும், முட்டிக்கறதுக்கு எங்க வீட்டுல ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கோம்னா. மனுஷன் சரியான அளவைத் தேடி எடுத்தார். கம்பிச் சட்டமில்லாத புது மாடலைக் காட்டினப்பவும், நம்ம வைப்பர் கையோட கொக்கியில சரியா உக்காராதுன்னு கம்பிச் சட்டம் போட்டதையே எடுத்தா. முப்பது வருஷமா ஸ்டியரிங் பிடிச்ச நான் பையைத் தூக்கிக்கிட்டு நின்னேன், போ.

மாட்டறதுக்கு முன்னாடி குளிக்கற துண்டை நாலா மடிச்சுக் கண்ணாடி மேல போட்டா. வண்டிக்கு ஜுரமான்னு கிண்டல் பண்ணேன். சொல்லி வாய் மூடல, பிளேடில்லாத வைப்பர் கை என் பிடியிலிருந்து நழுவிப் படார்னு அடிச்சுது. துண்டு மட்டும் இல்லேன்னா கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். எல்லாத்தையும் மாட்டி, ஓஸ் பைப்புல தண்ணி அடிச்சு, முதல்ல அவ டிரைவர் சீட்டுல உக்காந்து பாத்தா. ஒரு கோடு இல்ல, சத்தம் இல்ல. அப்புறம் என்னை உக்கார வச்சா. எனக்கு அதே கலங்கல். புது பிளேடும் மோசம்னு ஆரம்பிச்சேன். அவ மெதுவா, "ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க"ன்னா. வலது கண்ணை மூடினா தூண் பளிச்சுன்னு தெரியுது, இடது கண்ணை மூடினா ஒரே புகை மூட்டம்.

பதறாத. கண்புரைதான், மூணு வாரம் முன்னாடி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆறட்டும், அப்புறம் உனக்குச் சொல்லலாம்னு அவதான் தடுத்தா, அதனால என்னைத் திட்டாத. பெரியவரையும் விக்கல. என் கண்ணுலதான் கோளாறுன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு உங்கம்மாவைக் கேட்டேன். ஊசியில நூல் கோத்துக் குடுக்கறது எப்பவும் என் வேலைதானே, ஆறு மாசமா அவ என்னைக் கூப்பிடவே இல்லடி. நான் தடுமாறறதைப் பாத்துட்டு, சொன்னா மனசு உடைஞ்சுடுவேன்னு அவளே கோத்துக்கிட்டிருந்திருக்கா. டாக்டர்கிட்ட போலாம்னு ரெண்டு தடவை ஜாடையா சொன்னதுக்கும் நான் எரிஞ்சு விழுந்தேனாம், எனக்கு ஞாபகம் கூட இல்ல. இந்தப் பொம்பளையோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் அவளோட அருமை எனக்கு இப்பத்தான் தெரியுது.

உன் பழைய வண்டியோட வைப்பரையும் விரலால தடவிப் பாரு, மாத்தும்போது துண்டு போட மறக்காத. ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டு நூறு வருஷம் நல்லா இருங்க. இதோட நிறுத்திக்கறேன், உங்கம்மா கையில ஊசியை வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிடறா.

ஆசிகளோட,
அப்பா