உன் இஷ்டம் என்று அம்மா சொன்னது

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முக்கால்வாசி அது உண்மையும்கூட. மீதிக் கால்வாசியைப் போனில் சொல்ல முடியாது, கூடத்தில் நின்று பேசினால் அவள் காதில் விழும், மாடிக்குப் போய்ப் பேசினால் அப்படி என்ன ரகசியம் என்று யோசிப்பாள், அதனால்தான் கடிதம். பதறாதே, டிக்கெட் பார்க்காதே, முழுவதும் படி.

அம்மாவுக்கு பைபாஸ் ஆப்பரேஷன் முடிந்ததும் வந்த சிக்கல்களெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தாறுமாறாக ஓடிய இதயத் துடிப்பு மருந்தில் அடங்கியது. ரத்தக்குழாய் எடுத்த காலில் நீர் கோத்த புண், கட்டு மாற்றி மாற்றி இப்போது காய்ந்துவிட்டது. ஐ.சி.யூ.வில் என்னைத் தன் கம்பெனி மேனேஜர் என்று நினைத்து லீவு கேட்டாளே, அந்தக் குழப்பமும் தெளிந்துவிட்டது, வயதானவர்களுக்கு இப்படி ஆவது உண்டு என்று நர்ஸ் சொன்னபோது நான்தான் நம்பவில்லை. எனக்கும் ஒரு மேனேஜர் பதவி கிடைத்ததே என்று பிறகு சொல்லிச் சிரித்தேன். போன தடவை பெரிய டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு இதயம் ஜோராக வேலை செய்கிறது என்றார்.

ஆனால் அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டாள். சொன்னால் சிரிப்பாய், நானும் முதலில் சந்தோஷப்பட்டேன், ஆப்பரேஷனில் கோபத்தையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று உன் சித்தியிடம் கேலிகூடப் பேசினேன். சட்டைக் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள், காலரில் ஒரு தையல் விட்டிருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பவள், அன்றைக்கு நான் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன், நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் உன் சித்தியும் சும்மா இருக்கவில்லை, நீ எழுந்திருக்காதே, ஒன்றையும் தொடாதே என்று துணி மடிப்பதைக்கூட அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டோம். பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண்தான் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, அம்மா தனியா அழுகுறாங்க சார், இந்த ஆப்பரேஷனுக்கு அப்புறம் வயசானவங்க பல பேருக்கு மனச்சோர்வு வரும், மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க என்றாள். ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் நின்றபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை, கண்ணு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், மெதுவாகத்தான் கேட்குமாம், ஆனால் சாப்பிடாமல் நடக்காமல் படுத்தே கிடந்தால் நாங்கள் சரிசெய்த இதயம் மட்டும் என்ன பண்ணும் என்றும் கேட்டார். துணிகளைத் திரும்ப அவளிடமே கொடுத்துவிட்டேன். நேற்று ஒரு துண்டின் ஓரத்தைத் திருப்பித் தையலைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். குறை சொல்லவில்லை, ஆனால் பார்த்தாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்லி எத்தனை வருஷமாகக் கெஞ்சுகிறாய், அவளும் ஒவ்வொரு தடவையும் முகத்தில் அடித்தாற்போல் மறுத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதும் உன் இஷ்டம்மா என்றாள், நீ சந்தோஷத்தில் அழுதேவிட்டாய், புரோக்கரை அனுப்புகிறேன் என்றாய். அனுப்பாதே. அதை அம்மாவின் சம்மதம் என்று நினைத்துவிடாதே, நோய்தான் அப்படிப் பேசுகிறது. எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவளிடம் இப்போது கையெழுத்து வாங்கிவிட்டு, அவள் தேறி எழுந்து என் வீடு எங்கே என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? எனக்கும் உன்னிடம் வர ஆசைதான், மறைக்கவில்லை. அவள் தேறட்டும், அப்புறம் திரும்பக் கேள். உன்னையும் என்னையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்குவாள். வாங்கிக்கொள்வோம்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், அம்மாவின் ஆசியையும் அவளைக் கேட்காமலே இதில் சேர்த்திருக்கிறேன். கழுத்து வலியை அலட்சியம் செய்யாதே, டாக்டரைப் பார். புரோக்கருக்கு இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடு.

அம்மா வாயால் ஒரு தடவை ‘முடியாது’ என்று கேட்கக் காத்திருக்கும்,
உன் அப்பா