ஆரஞ்சு உரிப்பதற்கு முன்

இன்று காலை மாடிப்படி ஏறும்போதே வாசனை வந்துவிட்டது. நாக்பூர் ஆரஞ்சு. கீழே லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடியையும் மீறி மணத்தது. நீ போன பிறகு இன்றுதான் வகுப்பைத் திறந்தேன். டிரைவர் முருகேசன் பை நிறையப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு, ஒருவரையும் தொடவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சட்டம் நீ போட்டது. ஓய்வு பெற்ற வாத்தியாரம்மாக்கள் இரண்டு பேரும் சும்மா இருக்க மாட்டாமல், சங்ககிரி லாரி டிரைவர்களுக்கு ஞாயிறுதோறும் இங்கிலீஷ் சொல்லித்தரக் கிளம்பினோம். இறந்தகாலப் பாடத்தன்று நான் பலகை கொள்ளாமல் அட்டவணை போட்டேன். கோ, வென்ட். கம், கேம். ஊர் ஊராக ஹாரன் அடிப்பவர்கள் வாயே திறக்கவில்லை. நீ டஸ்டரை எடுத்து என் அட்டவணையை அழித்தாய்.

"பலகையவே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க புள்ள. நடந்ததச் சொல்ல உடு."

யாரோ வடக்கேயிருந்து கொண்டுவந்த ஆரஞ்சு அன்று மேசையில் இருந்தது. லோடு ஏற்றி ஒரு நடை போய்வந்தவர், அந்த நடையில் நடந்ததை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் பழம் என்றாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதென்ன பாலர் பள்ளியா என்று கேட்டேன். நீ சிரித்ததில் என் கோபம் இன்னும் ஏறியது.

முருகேசன் வெகுநாள் "ஐ கோ நாக்பூர், ஐ கம்" என்றே ஓட்டினார். பழத்துக்குக் காத்திருந்தவர்கள் அவரைத் திருத்தித் திருத்தி வென்டுக்கும் கேமுக்கும் இழுத்துவந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுத்துக்கொடுக்காமல் அவராகவே சொன்னார்.

"பிரேக் ஃபெயில்ட். ஐ ஷவுட்டட். லாரி ஹிட் எ ட்ரீ. ஐ க்ரைட்."

"ஊட்ல சொன்னீங்களா?" என்று கேட்டாய்.

"இல்லீங்க டீச்சர். சொன்னா அடுத்த நடைக்கு உடமாட்டாங்க. எல்லாம் நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லுவோம். இங்கிலீஷ்ல சொன்னா வேற யாருக்கோ நடந்தாப்புல இருக்குதுங்க."

நீ ஒரு பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தாய். "இங்க சொல்லிப் பழகிட்டீங்கல்ல? ஊட்டுக்குப் போயித் தமிழ்லயும் சொல்லிருங்க. அதுதான் ஹோம்வொர்க்."

அடுத்த வாரம் வந்து, "ஊட்டுக்காரி அழுதுட்டாளுங்க. அன்னிக்குத்தான் நல்லாத் தூங்குனேன்" என்றார். அட்டவணையை நான் அதோடு விட்டுவிட்டேன்.

இன்று அதே முருகேசன் பைமேல் கையை வைத்துக்கொண்டு, "இந்தத் தடவ உங்க நடைதானுங்க டீச்சர்" என்றார். சேலம் ஆஸ்பத்திரியில் கடைசிவரை உன்னோடு இருந்தவள் நான்தான் என்று எல்லாருக்கும் தெரியும். உன் மகளுக்கும் தெரியும். பாவம், அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போனில் அழைக்கும்போதெல்லாம், "அம்மா என்னயக் கேட்டாங்களா பெரிம்மா?" என்கிறாள். "நிம்மதியாப் போயிட்டா சாமி" என்று சொல்லி வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன். கேட்டாய் என்று சொன்னால் அந்தப் பெண் எப்படித் தாங்குவாள்?

டிரைவர்கள் காத்திருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். "ஷி வாஸ் அஃப்ரெய்ட்" என்று தொடங்கினேன். "ஷி ஹெல்ட் மை ஹேண்ட். ஷி ஆஸ்க்ட் ஃபார் ஹர் டாட்டர்." முருகேசன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னேன். விடியும்போது நர்ஸ் டாக்டரிடம், "பேஷன்ட் நோ ஸ்லீப்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டே நீ, "டிட் நாட் ஸ்லீப்" என்று திருத்தினாய். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதன் பிறகு பழம் உரித்தோம். இனிப்பாகத்தான் இருந்தது.

நீ இல்லாமல் இந்த வகுப்பை நடத்திவிடுவேன் என்று தோன்றுகிறது. உன் ஹோம்வொர்க் மட்டும் பாக்கி இருக்கிறது. சாயங்காலம் உன் மகள் வருகிறாள். நீ பயந்ததையும், விடியவிடிய அவள் பேரைச் சொன்னதையும், நர்ஸைத் திருத்தியதையும் தமிழில் சொல்லப்போகிறேன். அழுவாள். அழட்டும், நானும் இருக்கிறேன். அவளுக்காக ஒரு பழம் எடுத்து வைத்திருக்கிறேன். சொல்லிவிட்டுத்தான் உரிப்பேன்.