உவர்மண்ணில் துவைத்த நாலு மாசம்

அண்ணா,

காலையில் பேத்தி நுழைவுத் தேர்வுக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். சோப்புப் பாடம். "கொழுப்போட காஸ்டிக் சோடா சேர்த்துக் காய்ச்சினா..." என்று அவள் தடுமாறி நின்ற இடத்தில், அடுப்படியிலிருந்து நான் முடித்து வைத்தேன். "ஆயா, உனக்கெப்படித் தெரியும்?" என்றாள். "பாடத்தைப் பாரு" என்றேன். அது நம் இரண்டு பேர் விவகாரம்.

சின்ன வயசில் நாம் கவரைப்பேட்டையில் இருந்தோம். நீ பட்டணத்து ரசாயனப் படிப்புக்குப் பரீட்சை எழுத வேண்டும். "தேறலன்னா அரிசி மில்லுல மூட்டை தூக்கு" என்று நைனா சொல்லிவிட்டார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்; வீட்டுத் துணி முழுக்க என் தலையில்.

உனக்கு வாய்விட்டுச் சொன்னால்தான் மனசில் நிற்கும். அன்றைக்குக் கூடத்தில் நின்று, சோப்புக்கு மாட்டுக் கொழுப்பு போடுவார்கள் என்று ஒப்பித்தாய். அம்மா அப்போதுதான் பெரியபாளையம் போய்த் திரும்பியிருந்தாள்.

"இன்னாடா சொன்னே? அத்தத் தேச்சிக் குளிச்சிட்டா ஆத்தா கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன்?"

இருந்த இரண்டு கட்டியையும் இடுக்கியால் எடுத்துக் கள்ளி வேலிக்கு அப்பால் எறிந்தாள். இனி வீட்டில் சோப்பும் கூடாது, சோப்புப் பாடமும் கூடாது.

நாலு மாசம். ஏரிக்கரையில் உவர்மண்ணைக் கரைத்துத் துணியை ஊறவைத்து அடித்தேன். அரைமணி வேலை அரைநாள் ஆனது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, குழம்பு பட்டால் எரியும். நீயும் புத்தகத்தோடு கரைக்கு வந்துவிடுவாய். பார்க்காமல் ஒப்பிப்பாய், நான் தப்பைப் பிடிப்பேன்.

"நேத்து சோப்புக்கு உப்பைக் கடைசியில போட்டே. இன்னிக்கி மொதல்லயே கொட்டுறியே."

"சர்தான், மூணாங்கிளாஸ் டீச்சரம்மா."

"டீச்சரம்மாவுக்கு முதுகு ஒடியுது. அந்தப் பொடவையப் புழி."

ஒரு நாளும் நீ பிழிந்ததில்லை. பக்கம் நனைந்துவிடுமாம்.

தேறினாய். தேறிய அன்றைக்கே ஒரு கட்டி வாங்கிவந்து அம்மாவிடம் நீட்டினாய். "இது தேங்கா எண்ணெயில செஞ்சதும்மா. கொழுப்பே கெடையாது." அம்மா மோந்து பார்த்துவிட்டு மாடத்தில் எடுத்து வைத்தாள். அவ்வளவு சுலபமாக முடிந்தது.

கிணற்றடியில் உன்னைக் கேட்டேன். "எண்ணெயிலயும் செய்வாங்கன்னு எப்போ தெரியும்?"

"அதே பக்கத்துல, அடுத்த வரி."

நாலு மாசமும் அந்த வரியை மட்டும் என் காதில் படாமல் தாண்டியிருக்கிறாய்.

"அப்பவே அம்மாகிட்ட சொல்றதுக்கென்ன?"

"சோப்பு இருந்தா நீ அரைமணியில தோச்சிட்டுப் போய்க்கினே இருப்பே. அப்பறம் என் தப்பை யாரு புடிப்பா?"

சிரித்துக்கொண்டே சொன்னாய். தீபாவளி வரைக்கும் உன்னோடு நான் பேசவில்லை. அப்புறம் பேசினேன், சோறு போட்டேன், உன் பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தேன். ஆனால் மறக்கவில்லை. போன மாசம் உன்னைப் பாடையில் எடுத்துக்கொண்டு போனபோதும் அதுதான் நெஞ்சில் நின்றது.

கை எப்போதோ ஆறிவிட்டது, அண்ணா. "கூட இரு" என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கும் அந்தப் பாடம் பிடித்துத்தான் இருந்தது. துணியெல்லாம் காய்ந்த பிறகும் உட்கார்ந்திருப்பேன்.