துவானின் வால் நுனி

கோபத்தோடு எழுதினாலும் பிரியத்தோடு கூப்பிடுகிறேன், அண்ணே,

நீ போய் ஆறு மாதமாகிறது. போன மாதம் உன் பெயரில் ஒரு நினைவுப் போட்டி வைத்து, உன் பூனை துவானுக்கே முதல் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். வால் நுனி இல்லாத படத்துக்கு! நீ இருந்திருந்தால் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்திருப்பாய். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம். இதை நம் குழுவின் பக்கத்திலேயே போடப் போகிறேன். எல்லாரும் படிக்கட்டும்.

மற்றவர்களும் படிப்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. நம் குழுவில் இருப்பவை கம்ப்யூட்டர் திரைக்குள் வளரும் பூனைகள். பால் வைக்கலாம், பந்து போடலாம், தடவிக் கொடுக்கலாம். ஆனால் 'இப்படி நில், அப்படித் திரும்பு' என்று சொல்லி நிறுத்த முடியாது. அதுவாக முதுகை வளைக்கும் நேரத்துக்காக, அதுவாகப் பாதத்தை நக்கும் நேரத்துக்காகக் காத்துக் கிடந்து படம் பிடிக்கவேண்டும். மாதம் ஒருமுறை அந்தப் படங்களுக்குப் போட்டி. மெர்சிங்கில் படகுத்துறைப் பக்கம் டிக்கெட் விற்கும் நம் நிர்மலாதான் படங்களை வாங்கி, பெயரை எடுத்துவிட்டு, எண் போட்டு நடுவருக்கு அனுப்புவாள். பத்து வருஷமாக நடுவர் நீதான். நடுவரின் பூனை போட்டிக்கு வரக்கூடாது என்பதால் துவான் ஒருமுறைகூடக் கலந்துகொண்டதில்லை. மஞ்சள் நிறத்தில், பெரிய அதிகாரிபோல நடந்துகொண்டு, உன்னையே வேலை வாங்கிய பூனை. அதனால்தானே அதற்கு, மலாயில் 'துரை' என்று பொருள்பட, துவான் என்று பெயர் வைத்தாய்?

நீ எப்படித் தீர்ப்புச் சொல்வாய் என்பதையும் இவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டும், மறந்துவிட்டார்கள். லாயாங் லாயாங் ஸ்டேஷனில் வேலை பார்த்த காலத்தில், ஒவ்வொரு ரயில் கடந்து போகும்போதும் நீ கடைசிப் பெட்டியின் பின்விளக்கைத்தான் பார்ப்பாய். விளக்கு இருந்தால் ரயில் முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. இல்லையென்றால் ஏதோ ஒரு பெட்டி கழன்று தண்டவாளத்தில் நிற்கிறது, அடுத்த ரயிலை விடக்கூடாது. பூனைப் படத்தையும் நீ அப்படித்தான் பார்த்தாய். முதலில் வால் நுனி. பிறகு நாலு கால். பிறகு காது. "மூஞ்சிய கடைசியா பாரு. மூஞ்சி ஏமாத்திரும்" என்பாய். வால் நுனி படத்தில் இல்லையென்றால் மற்ற எதையும் பார்க்காமலே தள்ளிவிடுவாய்.

என் மல்லியையும் அப்படித்தான் தள்ளினாய்.

அஞ்சு வருஷம் ஆகிறது, ஆனாலும் அதைச் சொல்லாமல் விட மாட்டேன். முன்னங்கால் இரண்டையும் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, மல்லி சோம்பல் முறிக்கிற படம். அதற்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். திரையின் அடியில் பொம்மைகள் அடுக்கிய தட்டு ஒன்று இருக்கும் அல்லவா, மல்லியின் வால் நுனி அதற்குப் பின்னால் போய்விட்டது. நகத்தளவு, அவ்வளவுதான். நிர்மலா எண் போட்டால் என்ன, மல்லியின் மூக்கில் இருக்கும் மச்சம் உனக்குத் தெரியாதா? தெரிந்தும் எழுதினாய்: "வால் நுனி இல்லை. ஏற்பதற்கில்லை."

உடனே உனக்குப் போன் போட்டேன்.

"தங்கச்சின்னு கூட பாக்கலயா நீ?"

"பூனைய பாத்தேன்," என்றாய்.

நான் போனை வைத்துவிட்டேன். ஏழு மாதம் எடுக்கவில்லை. நானே சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் ஒரு கீறல் இருந்தாலும் பொருளைத் தள்ளுகிற வேலை பார்ப்பவள். தினமும் பாலத்தைத் தாண்டிப் போய் அதைத்தான் செய்கிறேன். அப்படியும் என் அண்ணன் என்னைத் தள்ளியது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஏழு மாதத்துக்குள் ஒரு தீபாவளி வந்தது. ஜொகூர் பாருவிலிருந்து லாயாங் லாயாங் என்ன, வேறு தேசமா? நான் வரவில்லை. நீ உன் காலால் வாசல்வரை வந்து எல்லாரையும் வழியனுப்பிய கடைசித் தீபாவளி அதுதான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அடுத்த வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், மீதி நாள் நாற்காலி.

எனக்கென்று நீ ஒரு பொட்டலம் முறுக்கு எடுத்துவைத்துப் பொங்கல்வரைக்கும் யாரையும் தொடவிடவில்லை என்று அண்ணி சொன்னார். அதையும் நீ உன் சாவுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவிட்டாய். அதற்கும் உன்மேல் கோபம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கடைசியில் நீயே போன் செய்து, ஒன்றுமே நடக்காததுபோல, மல்லி எப்படி இருக்கிறது என்று கேட்டாய். நானும் நன்றாக இருக்கிறது என்றேன். மன்னிப்பு நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நினைவுப் போட்டிக்கு உன் பூனைப் படம் ஒன்று வேண்டும் என்று நிர்மலா அண்ணியைக் கேட்டிருக்கிறாள். அண்ணிக்கு இந்த விளையாட்டின் அரிச்சுவடிகூடத் தெரியாது. உன் லேப்டாப்பில் தேடி, பார்க்க லட்சணமாக இருந்த ஒரு படத்தை அனுப்பிவிட்டார். முகப்பில் அலங்காரமாக வைப்பார்கள் என்றுதான் அவர் நினைத்தார். நிர்மலா அதைப் போட்டியிலேயே சேர்த்து, எண் போடாமல், நடுவரும் வைக்காமல், தானே முதல் பரிசும் கொடுத்துவிட்டாள். கீழே அத்தனை பேரும் பூங்கொத்து போட்டார்கள்.

நான் முதலில் வாலைத்தான் பார்த்தேன். பொம்மைத் தட்டுக்குப் பின்னால் போயிருந்தது. மல்லிக்குப் போன அதே இடம்.

நிர்மலாவைக் கூப்பிட்டு, வாலைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தாளாம், ஆனால் முகம் அவ்வளவு அழகாக இருந்ததாம்.

"செத்தவங்களுக்கு ஒரு மரியாத லா, அக்கா. இதுல என்னா தப்பு?" என்றாள்.

"மரியாதைன்னா மால போடு. மொத பரிசு மால இல்ல."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நல்ல பெண்தான், உன்னை அப்பா மாதிரி நினைத்தவள். ஆனாலும் நான் விடவில்லை. பரிசைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் குழுவில் எழுதினேன். அதற்கு எனக்குக் கிடைத்த பதில்களை நீ படித்திருக்க வேண்டும். கல்நெஞ்சுக்காரி என்றார் ஒருவர். சொந்த அண்ணன்மேலேயே பொறாமையா என்றார் இன்னொருவர். வெறும் விளையாட்டுதானே, இதற்குப் போய் இவ்வளவா என்று மூன்று பேர் கேட்டார்கள். வெறும் விளையாட்டா? அப்படியென்றால் நான் வராத அந்தத் தீபாவளி எதற்காகப் போனது? நகத்தளவு வால் ஒரு விஷயமே இல்லையென்றால், நீ என் மல்லியைத் தள்ளியது வீண், நான் கோபித்துக்கொண்டது வீண், அந்த முறுக்கு நமுத்துப்போனதும் வீண். அந்த ஏழு மாதத்தை இவர்களில் யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்?

அடுத்த சனிக்கிழமையே லாயாங் லாயாங் போனேன். அண்ணி உன் லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தார். அந்தப் படம் எங்கே இருந்தது தெரியுமா? உனக்குத் தெரியாமல் என்ன. 'தள்ளியவை' என்று நீ பெயர் வைத்திருந்த கோப்புறையில். போட்டிக்கே போகாத உன் சொந்தப் பூனையைக்கூட நீ தனியாக உட்கார்ந்து தீர்ப்புப் பார்த்து, தள்ளி வைத்திருக்கிறாய். அதைப் பார்த்ததும் நான் கொஞ்சம் அழுதேன். பிறகு இன்னும் கோபம் வந்தது. நீயே தள்ளிய படத்துக்கு உன் பெயரால் முதல் பரிசு!

லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துவான் என்னைக் கண்டதும் திரையில் இருக்கும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. உன் கைக்கும் என் கைக்கும் அதற்கு வித்தியாசம் தெரிகிறதா என்ன? பால் வைத்தேன், குடிக்கவில்லை. பந்து போட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது ஞாயிறு அதுவாகவே வந்து, திரையின் நடுவில் உட்கார்ந்து, வாலை முன்பக்கமாகச் சுற்றிப் பாதத்தின்மேல் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது. வால் நுனி, நாலு கால், காது. வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் படம் பிடித்தேன்.

இந்த மாதப் போட்டிக்கு அதை அனுப்பினேன். யாருடைய பூனை என்று வாய் திறந்தால் படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று நிர்மலாவிடம் சொல்லிவிட்டேன். உன் இடத்துக்குப் பத்து பஹாட் ஊரிலிருந்து லிம் டீச்சர் என்று ஒருவர் வந்திருக்கிறார். உன்னைத் தெரியாது, துவானைத் தெரியாது, தமிழும் படிக்கத் தெரியாது. அவருக்குப் போனது வெறும் பதினொன்றாம் எண்.

முந்தாநாள் முடிவு வந்தது. துவானுக்கு மூன்றாம் பரிசு. இடது காது பின்னால் மடங்கியிருக்கிறது என்று லிம் டீச்சர் குறிப்பு எழுதியிருந்தார். எடுத்துப் பார்த்தேன். ஆமாம், மடங்கித்தான் இருக்கிறது. எனக்கு எப்படித் தப்பியது? நான் வாலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் போலிருக்கிறது.

அந்த மூன்றாம் பரிசுத் தாளை அச்செடுத்து, நேற்றுக் கொண்டுபோய் உன் படத்துக்குக் கீழே ஒட்டினேன். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

"மூணாவதா? மொதலாவதுன்னுல்ல சொன்னாங்க?"

"அது அவங்க குடுத்தது, அண்ணி. இது அண்ணன் வாங்குனது."

முதல் பரிசு இன்னும் குழுவின் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை எடுக்கும்வரை ஒவ்வொரு மாதமும் கேட்பேன், யார் என்னை என்ன சொன்னாலும் சரி. மல்லியின் சோம்பலுக்காகவும் மறுபடி உட்காரப் போகிறேன். வால் நுனி முழுசாக வரும்வரை அனுப்ப மாட்டேன். இந்தத் தீபாவளிக்கு முதல் ஆளாக உன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பேன் அண்ணே. இது சத்தியம்.

நீ சரியாகத்தான் தள்ளினாய் என்று உன்னிடம் ஒருநாளும் சொல்லாத
உன் தங்கச்சி
சரசு