தும்ராவைக் கூப்பிடுகிற சட்டி

பால்கேத் ஊர்
வறள் மாதம், தேய்பிறை முதல் நாள்

வீட்டை மறந்த புருஷன் ஓர்தினுக்கு,

உன் பெண்டாட்டி கெஸ்வா எழுதுவது. நான் நலம், மாடு நலம். நீ நலமா என்று கேட்க மனசு வரவில்லை.

அரசர் பார்க்க ஆசைப்படுகிறார், ஒரே மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லி ஊர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தலைநகரம் போனாய். அடுத்த மாதமும் முடியப்போகிறது. இனி எதைத் தட்டி தும்ராவைக் கூப்பிடுவது? மழைச்சாமி வராமல் வாற்கோதுமை எப்படி முளைக்கும்? பக்கத்து வீட்டு பெர்மோ தினமும் வாசலில் வந்து நிற்கிறாள். "ஏண்டி கெஸ்வா, உம் புருஷன் அரண்மனையில என்னத்தக் கிழிக்கிறான்? ஊர்ச் சட்டியக் கொண்டாந்து வைக்கச் சொல்லுடி" என்கிறாள். உனக்கும் சேர்த்து நான்தான் வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

விதைப்பு மாதம் பிறப்பதற்குள் சட்டியோடு வந்து சேர். உன் கம்பளியை வெயிலில் காயப்போட்டு மடித்து வைத்திருக்கிறேன். பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. பூச்சி அரிக்கிறது.

உன்னைக் கட்டிக்கொண்டு அவதிப்படும்,
கெஸ்வா

ஆஸ்மிர் அரண்மனை
வறள் மாதம், தேய்பிறை ஒன்பதாம் நாள்

என் கண்ணான கெஸ்வாவுக்கு,

உன் கடிதம் கண்டு ஆனந்தம். கோபத்திலும் உன் கையெழுத்து எவ்வளவு அழகு!

இங்கே என்னைச் சபையிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வெள்ளிக் கண்ணாடி காட்டி நெருப்புச்சாமியை அழைக்கிற மலைநாட்டுப் பூசாரி. மறு பக்கம் தந்தக் கொம்பு ஊதிக் காற்றுச்சாமியை அழைக்கிறவர். நடுவில் நானும் நம் கரிச்சட்டியும். எல்லாரும் சிரித்தார்கள், கெஸ்வா. கொம்புக்காரர், "என்ன ஓர்தின், சாமியக் கூப்பிடப் போறீங்களா, இல்ல வறுத்துத் திங்கப் போறீங்களா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அதனால் சட்டிக்குத் தங்க முலாம் பூசச் சொன்னேன். வைக்க ஒரு பட்டு மெத்தை, தட்ட ஒரு சந்தனக் கரண்டி. நம் ஊரில் செய்வதுபோல அரசர் முன்னால் சாமியைத் திட்ட முடியுமா? நாகரிகமாக நூறு போற்றி எழுதிப் பாடினேன்.

தும்ரா வரவில்லை. அரசரின் தோட்டம் காய்கிறது. அடுத்த முறையும் வராவிட்டால் என்னைக் கல்லுடைக்க அனுப்பிவிடுவாராம். மழை பெய்த மறுநாளே சட்டியோடு புறப்படுகிறேன், உன் மேல் ஆணை.

அன்புள்ள,
ஓர்தின்

பால்கேத் ஊர்
விதைப்பு மாதம், வளர்பிறை இரண்டாம் நாள்

முலாம் பூசிய புருஷனுக்கு,

கண்ணாடி காட்டிக் கூப்பிட்டால் அவனவன் மூஞ்சிதான் வரும். அவர்கள் சிரித்ததற்கா நம் சட்டிக்கு நகை போட்டாய்? தும்ராவுக்குப் போற்றி பாடினாயாமே, உன் புத்தி எங்கே மேயப் போயிற்று? நம்பிக் காத்திருக்கிறவள்தான் வாய்விட்டுத் திட்டுவாள். இனி இவனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவோம், வரி கேட்டு வருகிறவனை அனுப்புவதுபோல. சாமிக்கு அது தெரியும். உனக்குத்தான் தெரியவில்லை.

வருகிறேன் வருகிறேன் என்று ஏய்க்கிறவனே, வாக்குக் கொடுக்கத் தெரிகிறது, வந்து நிற்கத் தெரியவில்லையா? பெரிய வீட்டில் பட்டு விரித்தால் இங்கே விதை மண்ணுக்குள்ளேயே வெந்து சாவது உன் கண்ணுக்குத் தெரியாதோ? வழியைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துப்போயிற்று. இதில் தினமும் உனக்கென்று ஓர் அடையைத் தனியாக எடுத்து வைக்கிறேனே, என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். வெட்கங்கெட்டவனே, வந்து தொலை.

உன்னிடம் மாட்டிக்கொண்ட,
கெஸ்வா

ஆஸ்மிர் அரண்மனை
விதைப்பு மாதம், பௌர்ணமி

என் குலவிளக்கே கெஸ்வா,

பெய்தது! கொட்டோ கொட்டென்று கொட்டியது!

நடந்ததைக் கேள். சபை நிறைந்திருந்தது. நானும் திட்டிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது, சாமி எப்படி வரும்? அரசர், "போதும், இவனக் கூட்டிட்டுப் போங்க" என்று கையை அசைத்துவிட்டார். மடியில் உன் கடிதம் இருந்தது. எடுத்து, சட்டியைத் தட்டித் தட்டி உரக்கப் படித்தேன். அந்த அடை எடுத்து வைக்கிற இடம் வந்ததே, அங்கேதான் வானம் இருண்டது. நெஞ்சே நிறைந்துவிட்டது. கொம்புக்காரர் குடையைத் தேடி ஓடினார்.

இப்போது நான் அரச அழைப்பாளர். அந்தத் திட்டெல்லாம் நானே இயற்றியது என்றுதான் அரசரிடம் சொல்லியிருக்கிறேன். நமக்குள் என்ன, உன் பெருமை வேறு என் பெருமை வேறா? இந்த ஆண்டு ஊருக்கு வர முடியாது, அரசர் விடமாட்டேன் என்கிறார். சட்டியும் இனி அரண்மனைச் சொத்து. ஊராரிடம் நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாதம் ஒரு கடிதம் மட்டும் தவறாமல் எழுது. இன்னும் கொஞ்சம் காரமாக இருக்கட்டும். அந்த அடை மாதிரி இரண்டு மூன்று இடம் சேர்த்துக்கொள். இத்துடன் உனக்கு ஒரு நீலப் பட்டு அனுப்பியிருக்கிறேன்.

என்றும் உன்,
ஓர்தின்

பால்கேத் ஊர்
தூறல் மாதம், வளர்பிறை ஐந்தாம் நாள்

மாண்புமிகு அரச அழைப்பாளர் ஓர்தின் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதமும் பட்டும் வந்து சேர்ந்தன. மிக்க நன்றி. தாங்கள் உயர்ந்த பதவி அடைந்ததை அறிந்து ஊரார் அனைவரும் மகிழ்ச்சி அடைந்தோம்.

இங்கும் நல்ல மழை. வேறு வழியில்லாமல், வாற்கோதுமை வறுக்கிற என் சட்டியைக் களத்துக்கு எடுத்துப்போய்த் தட்டினேன். நான் திட்டி முடிப்பதற்குள் தும்ரா வந்துவிட்டான். வயல் முளைத்துவிட்டது. எனவே ஊர்ச் சட்டியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். நீலப் பட்டை பெர்மோவின் மகள் கல்யாணத்துக்குக் கொடுத்தேன், பொருத்தமாக இருந்தது.

மாதம் ஒரு கடிதம் கேட்டிருந்தீர்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். வெகுநேரம் யோசித்தும் தங்களைத் திட்ட ஒரு வார்த்தையும் வரவில்லை. மன்னிக்கவும்.

தாங்கள் எல்லா நலமும் பெற்று வாழ வேண்டுகிறேன். பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம்.

மிகுந்த மரியாதையுடன்,
கெஸ்வா