நீங்கள் ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள சகலை,

இன்று காலை எங்கள் தெரு முனையில் ஒரு வாடகைக் கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. சூடேறிய ரப்பரும் கொதித்த தண்ணீரும் கலந்த அந்த வாடை வந்ததும் பேப்பரை வைத்துவிட்டு எழுந்து போனேன். ஓட்டுநர் பேனட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆள் என்ன தப்பு செய்தான், எதை மறைக்கிறான் என்றுதான் என் புத்தி முதலில் போனது. வயது அறுபதைத் தாண்டியும் அது திருந்தவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்காவை நீங்களும் தங்கையை நானும் கட்டிக்கொண்டதைத் தவிர நம் இருவருக்கும் பொதுவாக ஒன்றும் கிடையாது. நீங்கள் யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர். நான் சந்தேகப் பிராணி. தறிக்காரர் கொண்டுவரும் பட்டுச் சேலையை வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். இருந்தும் தொண்ணூறுகளின் கடைசியில் ஆளுக்குப் பாதி போட்டு அந்தப் பழைய காரை வாங்கினோம். வேலூர் கடைகளுக்குச் சேலை மூட்டை ஏற்றிப்போக எனக்கு வண்டி வேண்டும். ரைஸ் மில் லாரியை விட்டுவிட்டு வந்த உங்களுக்கு ஸ்டீயரிங் வேண்டும். "பன்னெண்டு வருஷம் லாரி ஓட்டினேன் சகலை, ஒரு எஞ்சினையும் சூடேற வுட்டதில்ல" என்பீர்கள். பெருமை என்று நீங்கள் சொல்லிக்கொண்டது அது ஒன்றுதான்.

வாங்கிய இரண்டாம் மாதமே கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் ஹீட் முள் சிவப்பைத் தொட்டது. மெக்கானிக் பாய் ஃபேன் பெல்ட்டை இறுக்கினார். தெர்மாஸ்டாட்டைக் கழற்றி வீசினார். கடைசியில் ரேடியேட்டரை இறக்கிக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாக உப்புச் செதில் கொட்டியது. "நம்ம ஊரு கொழாத் தண்ணி வேலை இது. சோப்பு நுரைக்காத தண்ணிய இதுல ஊத்தவே ஊத்தாதீங்க" என்றார். ஆற்றோரக் கிணறு ஒன்று உங்களுக்குத் தெரியும், அங்கிருந்து தினமும் கேனில் கொண்டுவருவதாகச் சொன்னீர்கள்.

நான் நம்பவில்லை. தினமும் விடிகாலையில் ஒரு மனிதன் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவானா? பாதி வழியில் எங்காவது குழாயில் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். கேனில் விரலை விட்டு நக்கிக்கூடப் பார்த்தேன். கரிக்கவில்லை. கரிக்காததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அப்போது நான் செய்த வேலையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டிச் சாயப்பட்டறை இருந்ததல்லவா? சாயம் நன்றாகப் பிடிக்க அவர்கள் லாரியில் நல்ல தண்ணீர் வரவழைப்பார்கள். பட்டறைக்கு ஆள் வருமுன் சுவரோரம் இருந்த டிரம்மில் ஒரு குடம் மொண்டு வந்தேன். கையில் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுவென்று நுரைத்தது. பாய் சொன்ன தண்ணீர் இதுதான் என்று எனக்குப் பரம திருப்தி. எங்கள் வாசலில் நின்ற வண்டியில் நீங்கள் நிரப்பி வைத்திருந்ததை ரேடியேட்டரின் அடியில் இருந்த குழாய் வழியாக வடித்துவிட்டு என் தண்ணீரை ஊற்றினேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம்.

முள் முன்னைவிட வேகமாக ஏறியது. ஒருநாள் கண்ணமங்கலத்தில் ஆவி பீய்ச்சியடித்து மூட்டையோடு நடுரோட்டில் நின்றோம். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பாய் ஷெட்டுக்கு வந்தபோது அங்கே நாலைந்து லாரி டிரைவர்கள் இருந்தார்கள், எல்லாரும் உங்களுக்குத் தெரிந்தவர்கள். அவர்கள் முன்னால்தான் கேட்டேன்.

"எந்தத் தண்ணிய ஊத்திகினு வர்றீங்க?"

"கெணத்துத் தண்ணிதான் சகலை. தெனம் நானே போயி எடுத்துகினு வர்றேன்."

"பொய் சொல்லாதீங்க. பன்னெண்டு வருஷம் லாரி ஓட்டுனவருக்குத் தண்ணி ஊத்தத் தெரியல."

நீங்கள் சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தீர்கள். அன்றிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்துகொண்டு முகம் பார்க்கவில்லை. சித்திரைப் பிறப்பன்று என் மனைவி அக்கா வீட்டுக்கென்று பாயசத்தைத் தூக்கில் ஊற்றி மூடினாள். சாயங்காலம் அதை மறுபடி பாத்திரத்தில் கொட்டினாள்.

வேறு டிரைவர் வந்தார். அப்போதும் முள் ஏறியது. பாய் மேல் ஹோஸைக் கழற்றியதும் வெள்ளை நுரை பொங்கியது. எஞ்சினின் ஹெட் கேஸ்கெட் போய் ஆயில் கலந்திருக்குமோ என்று அதை விரலில் தேய்த்தார். "ஆயில் கலக்கல. பசையாட்டம் இருக்குது. பேஜார் புடிச்ச வண்டி, இன்னாத்த ஊத்தித் தொலைச்சீங்க?" என்று என் மூக்கருகே நீட்டினார்.

இந்த ஊரில் பிறந்தவனுக்கு அந்த வாடை தெரியாதா? கச்சாப் பட்டுநூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதன் பசையை எடுத்த தண்ணீர். மறுபடி பயன்படுமென்று பட்டறையில் டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆறித் தெளிந்தால் வாடை தெரியாது, சூடேறினால்தான் கிளம்பும். உங்கள் கிணற்றுத் தண்ணீரை வடித்துச் சாக்கடைக்கு விட்டு, அந்தப் பசையை என் கையாலேயே ஊற்றியிருக்கிறேன்.

பாயிடம் யாருக்கும் சொல்லக்கூடாதென்று வாக்கு வாங்கிக்கொண்டு நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். நீங்கள் கதவைத் திறந்து, "வாங்க சகலை, வண்டி இன்னா ஆச்சு?" என்றீர்கள். கோபமே இல்லாத அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் வேறு எதையோ சொன்னது.

"ஹெட் கேஸ்கெட்டாம். பாய் மாத்திட்டாரு."

மறுநாள் சாவியை வாங்கிக்கொண்டீர்கள். அன்று முதல் வண்டியை எடுக்குமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து என்னைக் கூப்பிடுவீர்கள். "பாத்துகோங்க சகலை. கெணத்துத் தண்ணி." நானும் வந்து குனிந்து பார்ப்பேன். எட்டு வருடம், ஒவ்வொரு பயணத்துக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பீர்கள். பாய் உளறிவிட்டாரோ, என்னைக் குத்திக் காட்டத்தான் கூப்பிடுகிறீர்களோ என்று உங்கள் முகத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது வேலூர் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. நடை தளர்ந்து படுத்திருந்த அந்தக் கடைசி வாரத்தில், வண்டியை விற்றே வெகுநாள் ஆகியிருந்தபோது, திடீரென்று கேட்டீர்கள்.

"நெஜமா கேஸ்கெட்தானா சகலை? அந்தக் கெணத்துத் தண்ணில எதுனா இருந்துச்சோ? நான்தான் தப்பா ஊத்திட்டனோன்னு அப்பப்ப தோணும்."

யாரையும் சந்தேகப்படத் தெரியாத மனிதர், அத்தனை வருடமும் உங்களையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் பழைய கதை, வுடுங்க சகலை" என்றேன். மன்னித்துவிட்டவனைப் போலச் சொன்னேன்.

நீங்கள் நிம்மதியாகத் தலையாட்டி, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள். அந்த நன்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.